நாய்க்குட்டியை வெளியே விட்டது யார்?

"ஐயா, யார் குத்தம்னு நான் கேக்கலைங்க. படத்துல என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

மினோரி கெஞ்சாத குறை. எதிரே உட்கார்ந்திருந்த தோகாவா மசிவதாக இல்லை. ஜப்பானின் மட்சுயே ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். ஐம்பது தாண்டிய ஆள். பிடித்த பிடியில் நின்றார்.

"கோப்பைய மேஜை ஓரத்துல கொண்டுபோய் வச்சான் பாருங்க, அவன்தான் உடைச்சான்."

"வச்சவர் படத்துலயே இல்லையேங்க! அந்தப் பொண்ணு கைதானே பட்டுச்சு?"

"அதத்தான் சொல்றேன். அவன் நைசா நழுவிட்டான். பழி இந்தப் பொண்ணு தலையில."

மினோரிக்கு அழுகை வராத குறை. ஒரு பொருள் உடைந்தால் ஜனங்கள் 'உடைஞ்சுபோச்சு' என்கிறார்களா, 'இவ உடைச்சுட்டா' என்கிறார்களா? எதைக் காரணம் என்று மனசு எடுத்துக்கொள்கிறது? இதுதான் அவள் ஆராய்ச்சி. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 'உடைஞ்சுபோச்சு' என்றுவிட்டுப் போனார்கள். இந்த மனிதர் மட்டும் படத்துக்கு வெளியிலிருந்து ஆளைப் பிடித்து இழுத்து வருகிறார்.

இன்றுதான் கடைசி நாள். ஒருவர் பதில் குறைந்தாலும் இந்த வருஷம் பட்டம் கிடையாது என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி மூடுபனி கட்டிடம் வரை வந்துவிட்டது. இருட்டு அறையில் சத்தமில்லாத படங்கள் மெதுவாக வந்து போயின. யாராக இருந்தாலும் கண் சொக்கும். தோகாவா மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த படம். இரண்டு கையிலும் காய்கறிப் பைகளோடு ஒரு பெண் தோட்டத்துக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள். பின்னால் கதவு மெல்ல ஆடுகிறது. நாய்க்குட்டி ஒன்று தெருவுக்கு நடந்து, வெள்ளை வெளிச்சத்துக்குள் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

தோகாவா திரையில் கதவு ஆடிய இடத்தைக் கையால் சுட்டினார்.

"தாழ்ப்பாள் கெட்டிருக்கும். வீட்டுக்காரன் சரிபண்ணாம விட்டிருப்பான். நாயத் தொலைச்சது அவன்தான்."

"வீட்டுக்காரரா! அவர் இப்ப எங்கேருந்துங்க வந்தாரு?"

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அடுத்து என் சம்சாரம் வருவா. இத மட்டும் அவளுக்குப் போடாதீங்க."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி போடணுங்க. இல்லாட்டி அவங்க பதில் செல்லாது."

தோகாவா சட்டென்று எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

"எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். இப்படித்தான் கதவு திறந்து கிடந்து, ஏரிப் பக்கம் போயிட்டான். தாழ்ப்பாள் கெட்டது தெரிஞ்சும் நான்தான் சரிபண்ணல. பையனச் சாகக்கொடுத்தது நான்."

மினோரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னாலேயே கோபமும் வந்தது. அட மனுஷா! ஊரார் தப்பையெல்லாம் தேடித் தேடிப் பிடிப்பீர்கள், உங்கள் தப்பு மட்டும் பெண்டாட்டிக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாதாக்கும்?

"பாக்கறேங்க" என்று ஒப்புக்குச் சொல்லி, அவரை வெளியே அனுப்பினாள்.

யாசுயோ வந்தாள். மெல்லிய குரல்.

"கோப்பை விழுந்துடுச்சு."

"முட்டை உடைஞ்சுபோச்சு."

மினோரியின் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

கதவுப் படம் வந்தது. விரல் ஒரு கணம் தயங்கியது. அந்த ஆள் மூஞ்சியைக் காப்பாற்ற நான் ஏன் ஒரு வருஷத்தைத் தொலைக்க வேண்டும்? அழுத்திவிட்டாள்.

யாசுயோ இமைக்காமல் பார்த்தாள். கதவு ஆடியது. குட்டி வெளிச்சத்துக்குள் போனது. படம் முடிந்த பிறகும் வெறும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று மினோரிக்குப் பதறியது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தோகாவா எட்டிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்தப் படம்... போட்டீங்களா?"

மினோரி வாயைத் திறப்பதற்குள், யாசுயோ கைப்பையை எடுப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் படம்? முட்டைப் படத்தோட மெஷின் நின்னுபோச்சு. பாவம், இந்தப் பொண்ணும் தட்டித் தட்டிப் பாக்குது."

"ஆமாங்க, நின்னுபோச்சு" என்றாள் மினோரி. சொல்லிக்கொண்டே யாசுயோவின் பதில்களை அழித்தாள். பட்டம் இந்த வருஷம் இல்லை. போகட்டும்.

"நல்லவேளை!" தோகாவாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. குடையை எடுக்கத் தாழ்வாரத்துக்குப் போனார்.

மினோரியால் பொறுக்க முடியவில்லை. "அவர் மேல உங்களுக்குக் கோபமே வரலையாம்மா? அந்தத் தாழ்ப்பாள அன்னிக்கே சரிபண்ணியிருந்தா..."

"தாழ்ப்பாளுக்கு என்னம்மா, அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." யாசுயோ குரலைத் தாழ்த்தினாள். "கை நிறைய பையோட வந்து, கதவ மூடாம உள்ள போனது நான்தான். தாழ்ப்பாள் கதைய நான் நம்பிட்டேன்னு நினைச்சுத்தான் அந்த மனுஷன் தூங்கறார்."