மூன்று விரல் தள்ளி

மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி.

அவன் தன் மூன்று விரல்களை மனைவியின் வலது கையில் கிடத்தி அளந்தான். அவை முடிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினான்.

இடது கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. புற்றுநோய்க்கு ஐந்தாவது முறை.

முதல் முறை வந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மாத்திரைக்கும் அடங்காத குமட்டலுக்கு என்னென்ன செய்யலாம் என்று. அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பதில்லை. ஆறின சோறுதான், அதுவும் நாலு நாலு வாயாக. மோந்து பார்க்கத் தலைமாட்டில் ஓர் எலுமிச்சம்பழம்.

தாளின் கடைசியில் ஒரு கையின் படம். அதில் ஒரு புள்ளி. அங்கே அமுக்கினால் குமட்டல் அடங்குமாம்.

அதை மட்டும் அவன் யாரிடமும் விடவில்லை. முப்பது வருடக் கொத்தனார். அரை அங்குலம் சாய்ந்த சுவரை, அடுத்தவன் கட்டியது என்றாலும், இடிக்கச் சொல்கிறவன். அளவில் தப்புவானா?

அமுக்கிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்பான்.

தேவலை என்பாள்.

அதைக் கேட்க அவனுக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் இன்று காலை அவள் எடை முப்பத்தெட்டு கிலோ. இன்னும் இறங்கினால் மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

தின்பதெல்லாம் எங்கேதான் போகிறது?

சொட்டு மருந்தைச் சரிபார்க்க வந்த நர்ஸ் நின்று பார்த்தாள். அவன் கையை மெல்ல விலக்கினாள்.

"எடம் தப்பு அண்ணாச்சி. உங்க வெரல வச்சா அளக்கது? அவங்க வெரலத்தான வைக்கணும்."

படுத்திருந்தவளின் இடது கை விரல்கள் மூன்றைத் தன் விரலால் அளந்தெடுத்து, வலது கையில் வைத்துக் காட்டினாள். சுள்ளி மாதிரி மூன்று விரல்கள். சிமெண்டில் காய்த்துப்போன அவன் விரல்களில் இரண்டுகூடத் தேறாது.

புள்ளி மணிக்கட்டுப் பக்கமாக வெகுதூரம் இறங்கி வந்துவிட்டது.

நர்ஸ் போய்விட்டாள்.

நாலு மாதமாகத் தப்பான இடம்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தக் குழாய் நினைவுக்கு வந்தது.

சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவாள். கதவைச் சாத்துவாள். குழாயை முழுக்கத் திறந்துவிடுவாள். வாளி நிரம்பி வழியும் சத்தம் வெளியே கேட்கும். தண்ணீரை இப்படியா வீணாக்குவது என்று வெளியே நின்று எத்தனை நாள் ஏசியிருக்கிறான். உள்ளே அவள் ஓங்கரிக்கும் சத்தம் மட்டும் கேட்டதே இல்லை.

வெளியே வந்து முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டே அவனிடம் கையை நீட்டுவாள்.

பிறகு, தேவலை என்பாள்.



புதிய இடத்தில் கட்டைவிரலை வைத்தான். அளவு சரிதானா என்று மறுபடி பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"கொமட்டலுக்கு இது கேக்குதா?"

தலையாட்டினாள். இந்த முறை பொய்யில்லை என்று தோன்றியது.

அவனுடைய இன்னொரு கை சும்மா கட்டில் விளிம்பில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"அந்தக் கைய பழைய எடத்துலயே வைங்க."

வைத்தான். கல்யாணமான இத்தனை வருடத்தில் இந்த நாலு மாதம்தான் அவள் கையை இப்படிப் பிடித்திருக்கிறான்.

"இனிமே கொழாயத் தொறக்காண்டாம்" என்றான். "நானும் உள்ள வாரேன்."

அவள் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அவளுக்கு ஒரு கையில் ஊசி. மற்றக் கை அவனிடம்.

துடைத்துவிட அவனுக்கும் கை இல்லை.