திருப்பித் தைத்த காலர்

"உங்களுக்கு அது தேவைப்படாது சார்."

கார் ஷோரூம் விற்பனைப் பெண் இதைச் சொன்ன விதம்தான் தையல்காரரைச் சுருக்கென்று தைத்தது. குரலை இறக்கி, ஃபாரத்தைப் பார்த்தபடி, ஏதோ அவர் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அப்படி என்ன கேட்டுவிட்டார்? பக்கத்து மேஜையில் தங்கக் கடிகாரம் கட்டிய ஒருவருக்கு, இன்னொரு விற்பனையாளர் அரைமணி நேரமாகப் பெயின்ட் கோட்டிங்கின் அருமை பெருமைகளை அளந்துகொண்டிருந்தார். வெயில் அண்டாதாம், கீறல் விழாதாம், காக்கா எச்சம்கூட வழுக்கிக்கொண்டு ஓடிவிடுமாம்.

"அந்தக் கோட்டிங் எங்க வண்டிக்கும் உண்டாம்மா?" என்று கேட்டார் தையல்காரர். அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தப் பதில்.

சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்தாள். பார்வை நேராக அவர் கழுத்தில் வந்து நின்றது.

தையல்காரரின் கை தானாகக் காலரை மூடியது. இருப்பதிலேயே நல்ல சட்டைதான் அது. காலர் நைந்துபோனதும் பிரித்தெடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்திருந்தார். இதுவரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. இவள் கண்டுபிடித்துவிட்டாள். ஆளை எடையும் போட்டுவிட்டாள்.

"ஏம்மா, அந்த சாருக்குத் தேவைப்படுது. எனக்கு மட்டும் தேவைப்படாதா?"

"வேணாம் சார்."

"விலையைச் சொல்லும்மா."

"முப்பத்தெட்டாயிரம். வேணாம் சார், சொன்னாக் கேளுங்க."

மேஜைக்கடியில் மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள். "என்னங்க, அது என் மெஷின் காசு!"

துணி ஓரம் பிரியாமல் அடித்துத் தரும் ஓவர்லாக் மெஷின். அது இல்லாமல் எத்தனையோ பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் கையாலேயே ஓரம் சுற்றித் தைத்து, அவள் விரல் நுனியெல்லாம் சல்லடையாகிக் கிடந்தது. காருக்கு முன்பணம் கட்டியதுபோக மிச்சமிருந்ததை அதற்காகத்தான் எடுத்து வைத்திருந்தார்கள்.

"நீ சும்மா இரு. நம்மளைப் பார்த்தா இவங்களுக்குக் கையாலாகாதவங்க மாதிரி தெரியுது."

"ஆமா, செக்கைக் கிழிச்சு நீட்டினா மகாராஜா மாதிரி தெரிவீங்களாக்கும்!"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் தலையை நீட்டினார். "அங்க என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்ல சார். கோட்டிங் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்," என்றாள் விற்பனைப் பெண் அவசரமாக.

அதற்குள் தையல்காரர் செக்கை எழுதி முடித்துவிட்டார். அதை மேஜைமேல் வைத்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றுதானே வைத்தார்!

அவள் செக்கை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

"ரசீது?"

"வண்டிப் பேப்பரோட சேர்த்து வச்சிடறேன் சார்."

அடுத்த வாரம் கார் கைக்கு வந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவள், "வீட்டுக்குப் போனதும் டேஷ்போர்டைத் திறந்து, எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க சார்," என்றாள். தையல்காரர் தலையைக்கூட ஆட்டவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஒரு வாரமாக மனைவியும் அவரிடம் சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒற்றை வார்த்தையில். அவள் வாயைத் திறக்கவைக்கிற ஆசையில், வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் பானெட்டைத் தடவிக் காட்டினார்.

"தொட்டுப் பாரேன். கை எப்படி வழுக்குது! சும்மாவா? காசு போட்ட பளபளப்பு!"

"புதுக் கார் வழுக்காம, சொரசொரன்னா இருக்கும்?"

பேச்சை மாற்ற வேண்டுமே என்று ரசீதைத் தேடி டேஷ்போர்டைத் திறந்தார்.

வண்டிப் பேப்பர்களின்மேல் ஒரு சின்ன வாக்ஸ் டப்பா இருந்தது. கூடவே மெத்தென்ற இரண்டு துணிகள். டப்பாவைத் தூக்கினால், அடியில் அவர் எழுதிய செக். கொடுத்தபோது இருந்த மடிப்போடு, அப்படியே.

"என்னங்க இது? உங்க கையெழுத்துத்தானே?"

அன்று போட்டிருந்த அதே சட்டையின் காலரை அவர் கை தானாக மூடிக்கொண்டது. செக்கோடு கோட்டிங் விளம்பரத்தாள் ஒன்றும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பின்பக்கத்தில், நீல மையில் நுணுக்கி நுணுக்கி எழுதிய வரிகள். மனைவி அதை வாங்கி, எழுத்துக் கூட்டாத குறையாக நிதானமாகப் படித்தாள்.

"சார், மேனேஜர் காதில் விழும் என்பதால் அங்கே விளக்கிச் சொல்ல முடியவில்லை, மன்னித்துவிடுங்கள். உங்கள் காருக்குக் கோட்டிங் போடவில்லை. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். மாதம் ஒரு தடவை இந்த வாக்ஸைத் தடவித் துடைத்தால் போதும்."

மனைவி தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கடைசி வரிக்கு வந்தாள். அவள் படிக்கப் படிக்க, காலரை மூடியிருந்த தையல்காரரின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"உங்கள் சட்டைக் காலரைப் பார்த்தேன் சார். நைந்த துணியையே இவ்வளவு நேர்த்தியாக வைத்துக்கொள்ளத் தெரிந்த கைக்கு, புதுக் காரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?"