மீன் தொட்டிக்கு ஒரு குழாய்

"மீனுக்கு ஆர்.ஓ. தண்ணியா! அடுத்த பிறவியில நான் உங்க வீட்டு மீனாப் பொறக்கணும் சார்."

சிங்க்குக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்தபடியே சிரித்தார் பிளம்பர். பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த கணவனும் சிரித்து வைத்தான். மீன் தொட்டிக்கு என்று கேட்டதும் கீழ்வீட்டு ஓனரம்மா சுவரில் துளை போட அனுமதி கொடுத்து, தனக்குத் தெரிந்த இந்த ஆளையும் அனுப்பி வைத்திருந்தார்.

"சாயந்திரத்துக்குள்ள தண்ணி வந்துடணும் அண்ணே. சுத்தமா வரணும். இல்லேன்னா உசுரு தங்காது."

"எத்தனை மீன் சார்?"

"ஒண்ணுதான்."

"ஒரு மீனுக்கா இந்தப் பாடு? தங்கத்துல செஞ்சதா?"

"இல்லண்ணே, சாதாரண மீன்தான்" என்றாள், சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்ற மனைவி. கணவன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு டார்ச்சைச் சரியாகப் பிடித்தான்.

வேலை என்னவோ எளிதுதான். குழாய்த் தண்ணீர் முதலில் நூல் சுற்றிய வடிகட்டிக்குள் போகும். மண்ணும் துருவும் அங்கே தங்கிவிடும். அடுத்து கரி நிரப்பிய இரண்டு உருளைகள். அதன்பிறகு மோட்டார் தண்ணீரைப் பிடித்து ஒரு சவ்வின் மேல் அழுத்தும். உப்புகூட நுழைய முடியாத அளவுக்கு நுண்ணிய துளைகள் அதில். நல்ல தண்ணீர் மெல்லிய குழாயில் ஒருபக்கம் வர, மிச்சம் கழிவுக் குழாயில் போய்விடும்.

பிளம்பர் சுவரைத் துளைத்து, குழாயின் முனையைப் படுக்கையறைக்குள் கொண்டுபோனார். கட்டிலை ஒட்டி, போர்வை போர்த்திய பெட்டி ஒன்று நின்றது.

"தொட்டியை இங்கயா வெக்கப் போறீங்க? மீனைப் பார்த்துக்கிட்டே தூங்கவா?"

"ஆமாண்ணே. தலைமாட்டுக்குப் பக்கத்துலயே முனை வரட்டும். கழிவுக் குழாயும் ஒண்ணு வேணும்" என்றான் கணவன்.

துளை போட்டு முடித்தபோது எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. மனைவி ஒரு சொம்பு நிறையக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து பிளம்பரிடம் நீட்டினாள். தான் மட்டும் ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, நீங்க குடிக்கலையா?"

"இது போதும்ணே."

திரும்ப சிங்க்குக்கு அடியில் போனவர், 'படக்' என்று ஏதோ உடையும் சத்தத்தோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு கரி உருளைகளையும் இணைக்கும் 'எல்போ' என்ற வளைவுத் துண்டு உடைந்துவிட்டது. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, ஒரு உருளையை மட்டும் வைத்து இணைப்பைக் கொடுத்து மோட்டாரைப் போட்டார்.

கணவன் தரையில் கிடந்த இரண்டாவது உருளையைப் பார்த்தான். "இது?"

"நாளைக்கு எல்போ வாங்கியாந்து மாட்டிடறேன் சார். ஒரு கரியே தாராளம்."

கணவன் படுக்கையறைக் குழாயில் வந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதத் துண்டை எடுத்து நனைத்தான். அதன் நுனி லேசாக ரோஸ் நிறத்துக்கு மாறியது.

"குளோரின் இருக்குண்ணே."

"சவ்வு இருக்குல்ல சார், அது பிடிச்சுக்கும்."

"உப்பைப் பிடிக்கும், குளோரினைப் பிடிக்காது. அது சவ்வுக்குள்ள நழுவிப் போயிடும். கரிதான் பிடிக்கணும். தண்ணி கரியில கொஞ்ச நேரம் தங்கினாதான் அதுவும் முடியும். அதுக்குத்தான் ரெண்டு."

"லேசாத்தானே சார் இருக்கு! குடிச்சா ஒண்ணும் ஆகாது."

"குடிச்சா ஆகாது. தெரியும்."

"அப்புறம் என்ன? தொட்டியில ஊத்தி ஒரு நாள் விட்டு வைங்க, தானாப் பறந்துடும். மீன் வளர்க்கிறவங்க பூரா அதைத்தான் செய்யறாங்க."

"ஒரு நாள் தாங்காதுண்ணே. ஏற்கெனவே தள்ளிப் போட்டாச்சு." கணவன் சட்டைப் பையில் பணம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். "எல்போ எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, நான் ஓடிப் போய் வாங்கிட்டு வரேன். நீங்க மட்டும் கிளம்பிடாதீங்க."

பிளம்பர் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டார். இன்னொரு வீட்டில் வேலை காத்திருந்தது. இந்த மனிதருக்குக் கொஞ்சம் கழன்றுதான் போயிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

"கோவிச்சுக்காதீங்க சார். வீட்டுல மனுசங்க எல்லாம் குழாய்த் தண்ணியைக் குடிக்கிறீங்க. ஒரு மீனுக்குப் போய் இப்படி உசுரை விடறீங்களே!" பையைத் தோளில் மாட்டினார். "போனாப் போகுது. செத்தா வேற ஒண்ணு வாங்கி விட்டுக்கலாம்."

கணவன் குவளையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

வாசல் கதவு திறந்திருந்தது. படிக்கட்டில் ஓனரம்மா யாருடனோ பேசியபடி ஏறி வருவது தெளிவாகக் கேட்டது. மனைவி கதவைச் சாத்தப் போகவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"வேற ஒண்ணு வாங்க முடியாதுண்ணே. நோய்னு சொன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னுதான் மீன்னு சொன்னோம். எனக்கு கிட்னி போச்சு, இந்தத் தண்ணியை வெச்சுத்தான் என் ரத்தத்தைக் கழுவணும்."