கிழிந்த பக்கம்

வாடகை நூலகத்தில் முத்துசெல்வி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் கூடவே தீர்ப்பும் வரும்.

“மாயாஜாலக் கதையில ஆபத்து வந்ததுமே மந்திரமும் வந்துருது. பெறகு என்ன பயம்? கூடை பின்னுத புஸ்தகத்தைப் பாத்துப் பின்னுனேன், அடிப்பாகமே வரல.”

“மர்ம நாவல்?” நூலகக்காரர் கண்ணபிரான் தயங்கிக் கேட்டார்.

“கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்குன்னு முடிவைக் கையால எழுதி ஒட்டியிருந்தீங்கள்லா? அருமையான முடிவு அண்ணாச்சி! சொந்தமா வச்சுக்கிடணும்னு மணியாச்சி ஸ்டேஷன் கடையில அதே புஸ்தகம் புதுசு வாங்குனேன்.”

கண்ணபிரான் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

“அதுல கொலைகாரன் வேற ஆளு,” என்றாள் முத்துசெல்வி.

“பழைய புஸ்தகக் கடையில வாங்கையிலயே அந்தப் பக்கம் இல்ல தாயி. நானாத்தான் எழுதுனேன். மன்னிச்சிரு.”

அவள் அலமாரியிலிருந்து இன்னொரு மர்ம நாவலை எடுத்து நீட்டினாள்.

“இதுலயும் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சிட்டு எழுதிக் குடுங்க. நாளைக்கு வாரேன்.”