வரலாமா?

போர் தொடங்கிய வருடம் மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்ற டாக்டரம்மா, முதல் வேலையாக எல்லா அறைகளின் தாழ்ப்பாள்களையும் சங்கிலிகளையும் கழற்றி, பழைய இரும்பு சேகரிக்க வந்த ராணுவ லாரியில் ஏற்றிவிட்டார். இனி நோயாளியின் கதவைத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேண்டாமென்றால் திரும்பிவிட வேண்டும்.

"எங்க மாமியார் ரூமுக்கே நான் இப்படிக் கேட்டுப் போனதில்ல," என்று நர்ஸ் முணுமுணுத்தாள். ஆனாலும் பழகிவிட்டது.

நோயாளிகளைக் கட்டிப்போட்டிருந்த கோடி அறை இப்போது துணி அறை. ஒரு மதியம் போர்வைகளோடு போன நர்ஸ், பழக்கதோஷத்தில் அந்தக் கதவையும் தட்டி, "வரலாமா?" என்றாள்.

"இப்ப வேணாம்," என்றது உள்ளே ஒரு குரல்.

"சரிங்க," என்று திரும்பிப் பாதி வராந்தா நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் ஓடிவந்து சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா சிரித்தார். "போர்வை பேசுமா? வாங்க, பாத்துடலாம்." தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"யாரும் இல்லம்மா," என்றார் உள்ளிருந்து. பிறகு அவருடைய காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"நான் வெளிய போகலாமா?" என்று மெல்லக் கேட்டார். கேட்டது நர்ஸிடம் இல்லை.

"இப்ப வேணாம்."

நர்ஸ் பதறிக் கதவைத் தள்ளினாள். அவள் கைக்குப் பக்கத்திலேயே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்த இடத்தில் பழைய ஆணித் துளைகள் மட்டும்தான் இருந்தன.