முன்பல்

கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

காக்கை எச்சம். காய்ந்த வேப்பிலை. எந்தப் பிள்ளையோ எறிந்த பந்து.

பல் இல்லை.

வெயில் முழங்காலைப் பொசுக்கியது. அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

கீழே ஏணியைப் பிடித்தபடி புருஷன். வாசலில், சின்ன பாட்டிலும் கையுமாக ஆராய்ச்சிக்கு வந்த பெண். பேச்சு வராத பிள்ளைகள், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள், இந்த மல்லிகைத் தோட்டத்து ஊர்களில் மட்டும் பதினோரு பேராம். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பெண் கேட்பது ஒன்றுதான். விழுந்த முன்பல்.

"வயித்துக்குள்ள இருக்கும்போதே உருவாகுற பல்லுதான்க்கா அது. அப்ப உங்க உடம்புக்குள்ள என்ன போச்சு, எந்த மாசம் போச்சுன்னு அதுல பாத்துரலாம்."

விழுந்த பல்லை யார் எடுத்துவைப்பார்கள்? சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதுதானே வழக்கம். மகள் கனிஷ்காவுக்கு முன்பல் எல்லாம் விழுந்து முளைத்தாயிற்று. எறியும்போது ஊரே புதுப்பல் கேட்கும். இவள் மட்டும் மகளுக்கு ஒரு வார்த்தை கேட்டாள். அம்மா என்று வேண்டாம், தண்ணி என்றாவது.

மகளுக்கு எட்டு வயதாகிறது. தண்ணிக்கு இன்னமும் கையைப் பிடித்துத்தான் இழுக்கிறாள்.

"கிரகணத்தன்னைக்கு வாசப்படி தாண்டுனா வேற எப்பிடிப் பொறக்கும்?"

மாமியார் இதைச் சொல்லாத நாளில்லை. கேட்டுக் கேட்டு இவளும் பாதி நம்பிவிட்டாள். மீதிப் பாதி வேறொன்றை நம்பியது.

அப்போது இவளுக்கு ஆறாம் மாதம். பூப்பறிக்க ஆள் வரவில்லை என்று புருஷன் கூப்பிட்டான். முந்தின நாள் சாயங்காலம் அவன் பூச்சிமருந்தடித்த செடி. பறிக்கப் பறிக்க விரலெல்லாம் நெடி. அதை இவள் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் சொன்னதில்லை.

பல் சொல்லட்டும். மாமியார் வாய் அடைபடட்டும். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

சரிவின் கடைசி வரிசையில், இரண்டு ஓடுகளுக்கு நடுவே, கோலிக்குண்டு அளவு சாணி உருண்டை. உடைத்தாள்.

இருந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறங்க இரண்டு கையும் வேண்டும். முந்தானையில் முடிந்தால் நழுவிவிடுமோ என்று பயம். பல்லைத் துடைத்து வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

பாதி ஏணி இறங்குகையில் கீழிருந்து அவன் அண்ணாந்து பார்த்தான். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய ஆள்.

"யாரு அடிச்ச மருந்துன்னும் தெரிஞ்சிருமா?" என்றான். வாசலுக்குக் கேட்காத குரல்.

ஏணி ஆடியது.

அவள் அடுத்த படிக்கு இறங்கினாள்.

தரையில் கால் வைத்தாள்.

"கெடச்சுதாக்கா?" அந்தப் பெண் பாட்டில் மூடியைத் திறந்தாள்.

திண்ணையிலிருந்த மாமியார் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பார்க்கவில்லை. ஏணியை இன்னும் விடவுமில்லை.

கனிஷ்கா மட்டும் கிட்டே வந்தாள். அம்மாவின் மூடிய உதட்டில் விரலை வைத்துத் திறக்கப் பார்த்தாள்.