ஏழு பேர் உட்காரும் சோபா

நாத்தனார் வீட்டு சோபாவில் ஐந்து பேர் உட்காரலாம். அதனாலேயே நான் ஏழு பேர் உட்காரும் சோபாவைத் தவணையில் வாங்கினேன். புதுசு கலையக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும்.

ஆறு தவணை நின்றதும் வசூல்காரர் ஆட்களோடு வந்து, தெருவே வேடிக்கை பார்க்க, அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இந்த ஜம்பம் நமக்குத் தேவையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தேவைதான்" என்றேன்.

மறுநாள் பெருக்கும்போது, வெறும் கூடத்தில் துடைப்பம் எதிலோ முட்டியது. தடவிப் பார்த்தேன். சரசரத்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம், மிச்ச வட்டிக்காக அதே வசூல்காரர் வந்தார்.

"உட்காருங்க சார், காபி கொண்டு வர்றேன்."

ரசீதுப் புத்தகத்தைப் புரட்டியபடியே, வழக்கமாக உட்காரும் மூலையில் உட்கார்ந்தார். பாதிக் காபியில்தான் குனிந்து பார்த்தார். அவருக்குக் கீழே ஒன்றரை அடிக்குக் காற்றுதான் இருந்தது. பிறகு தரை.

"என்ன சார் முழிக்கிறீங்க?"

நானும் மறுமூலையில் போய்ச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"இதையும் தூக்கிட்டுப் போங்க, பாக்கலாம்."